சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், 1930களில் அமெரிக்கக் கிராமங்களில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். சேரியை விட்டுவிட்டு மிசிசிப்பிக்கு ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஒடுக்கப்பட்டவர்களைப் படம் எடுத்துவிட்டாலே அவர்கள் வரலாற்றில் இடம்பிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடமும் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க இந்தப் படங்கள் உதவும்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் பருத்தி விலை சரிந்தது. புழுதிப் புயல்கள் விளைநிலங்களைப் பாழாக்கின. நிலமிழந்த குடும்பங்கள் கூலி வேலை தேடிக் கலிபோர்னியாவுக்குப் போயின. ரூஸ்வெல்ட் அரசு 1935இல் மறுகுடியமர்வு நிர்வாகத்தைத் தொடங்கியது. 1937இல் அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமானது. நிவாரணத் திட்டங்களுக்கு ஆதரவு திரட்ட அதில் ஒரு புகைப்படப் பிரிவு இருந்தது. ராய் ஸ்ட்ரைக்கர் அதன் தலைவர். டோரத்தியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டைன் போன்றோர் அதற்காக ஊர் ஊராகச் சென்றார்கள். இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அந்தத் தொகுப்பின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் மட்டும் சுமார் 1,75,000 இருக்கின்றன.

இந்தப் படங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில், ஸ்ட்ரைக்கர் வேண்டாம் என்று ஒதுக்கிய பல நெகட்டிவ்களில் ஓட்டை போடப்பட்டது. அவற்றை இன்று அச்சிட்டால் ஒருவர் முகத்தின்மீதோ வயலின்மீதோ கரிய வட்டம் ஒன்று விழுகிறது. எது ஆவணமாக வேண்டும் என்பதை அலுவலக மேசையே முடிவு செய்தது.

1936இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே லாங் ஒரு படம் எடுத்தார். வெள்ளையரான பண்ணைக்காரர் கார் பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். பின்னால் கடை வாசலில் கறுப்பினத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பண்ணையில் யார் யாருக்கு மேல் என்பதை அந்த ஒரே படம் சொல்லிவிடுகிறது. கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் 1938இல் வெளியிட்ட ‘லேண்ட் ஆஃப் தி ஃப்ரீ’ நூலில் அதே படம் வந்தபோது, தொழிலாளர்கள் வெட்டப்பட்டிருந்தார்கள். எஞ்சியவர் வெள்ளையர் மட்டுமே. சுதந்திர அமெரிக்கனின் அடையாளமாக அவர் நின்றார். தமிழில் சட்டம் என்றால் படத்தின் விளிம்பும்தான், அரசின் விதியும்தான். அந்தத் தொழிலாளர்கள் இரண்டுக்கும் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

அதே 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோவில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில், குழந்தைகளோடு இருந்த ஒரு தாயை லாங் படம் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்த படம் அது. படங்கள் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பூர்வகுடிப் பெண் என்பது 1978இல்தான் பொதுவெளிக்குத் தெரிந்தது. 42 ஆண்டுகள் வெள்ளை ஏழைத் தாயின் முகமாக அவரை வைத்திருந்தார்கள். அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார்.

1942இல் இந்தப் பிரிவுக்கு வந்த கறுப்பினக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் வேறு வழியில் போனார். கிராமத்துப் படங்களைச் சேகரித்த அதே அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கியவர் எல்லா வாட்சன். பார்க்ஸ் முதலில் அவரோடு உட்கார்ந்து பேசினார், கேட்டார். அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு அவரை நிறுத்திப் படம் எடுத்தார். அதோடு விட்டுவிடவில்லை. அவர் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய், பேரக்குழந்தைகளோடு அவர் வாழும் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்தார். அதனால் அவர் வெறும் ‘துப்புரவுப் பெண்’ என்ற வகைமாதிரியாக முடிந்துபோகவில்லை.

நம் மண்ணுக்கும் இதில் கணக்கு உண்டு. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக அமர்த்திப் படம் எடுத்தார் ராணுவ அதிகாரி ஹூப்பர். 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில், படங்களின் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கிறது. ஆள் பெயர் இல்லை.

இன்று கேமரா நம் கையில். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிறோம், எரிந்த குடிசையையும் அழும் தாயையும் படம் எடுக்கிறோம், சுவரொட்டியில் போடுகிறோம். சில ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் யார் என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறதா? நாளும் ஊரும் அவர் சொன்ன சொல்லும் படத்தோடு எழுதி வைக்கப்பட வேண்டும். பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வெட்டாத மூலப்படம் நம் அமைப்புகளிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இவ்வளவும் செய்தால்தான் நாம் எடுக்கும் படம் அவர்களுக்கான சாட்சியம். இல்லையென்றால் தர்ஸ்டன் விட்ட இடத்திலிருந்து நாமும் தொடர்கிறோம் என்றே பொருள்.