தச்சனின் வினையும் மனதின் வினையும்

‘ஹார்மனைஸ்’ என்ற ஆங்கில வினையைத் தமிழாக்கும்போது கை தானாகவே ‘இசை’யை நோக்கிப் போகிறது. ஒத்திசை, இசைவி, இசைவாக்கு. இரண்டு மொழியிலும் ஒரே வேர் பாட்டையும் உடன்பாட்டையும் சேர்த்துச் சுமப்பது எனக்கு இன்னும் வியப்புதான். ஆனால் அவை பிறந்த இடங்கள் வேறு.

ஆங்கிலச் சொல் தச்சுப் பட்டறையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘ஹார்மோஸ்’ என்றால் மூட்டு. ஹோமரின் ஒடிசியில், கலிப்சோவின் தீவை விட்டுக் கிளம்ப ஒடிசியஸ் தெப்பம் கட்டுகிறான். மரங்களை இணைக்கும் பிணைப்புக்கு அங்கே வரும் சொல் ‘ஹார்மோனியா’. அந்தத் தச்சன் இன்னும் இந்த வினைக்குள் இருக்கிறான். வேறு வேறான துண்டுகள் வேண்டும், அவற்றைப் பொருத்த ஒரு கை வேண்டும். இசையமைப்பாளர் பாக் தேவாலயப் பாடல்களின் மெட்டுகளை நான்கு குரல்களுக்கு அமைத்தது இந்த வினை. நால்வரும் ஒரே சுரத்தைப் பாடினால் அதை ‘ஹார்மனைஸ்’ என்று யாரும் சொல்வதில்லை.

தமிழில் ‘இசைந்தாள்’ என்றால் அவளே சம்மதித்தாள். வெளியிலிருந்து எந்தக் கையும் வரவில்லை. பிறவினையாக்கி ‘இசைத்தாள்’ என்றால், சம்மதிக்க வைத்தாள் என்றா பொருள்? வீணை வாசித்தாள் என்றே கேட்கிறது. தன்வினை மனதுக்கும் பிறவினை பாட்டுக்குமாகப் பிரிந்துகொண்டன. ஆங்கிலத்திலோ நிறங்கள் தாமே பொருந்துவதற்கும், அரசு விதிகளைப் பொருத்துவதற்கும் அதே ஒரு வடிவம்தான்.

சிக்கல் வருவது விதிகளில். ஜிஎஸ்டி ரசீதில் காணும் ‘எச்எஸ்என்’ என்ற பொருட்குறியீட்டின் முதல் எழுத்து இந்த வினையிலிருந்து வந்ததுதான். உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் அந்தப் பொருட்பட்டியல் 1988இல் நடைமுறைக்கு வந்தது. அரிசிக்கு 1006 என்பது சென்னைத் துறைமுகத்திலும் ராட்டர்டாமிலும் ஒன்றே. முதல் 6 இலக்கம்தான் பொது. அதற்குமேல் அந்தந்த நாடு தன் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும், வரியையும் தானே விதிக்கும். இதை ‘ஒரேசீராக்கல்’ என்று எழுதினால் நாடுகளுக்கிடையே மிஞ்சியிருக்கும் வேறுபாடு மறைந்துபோகிறது. ‘இசைவு’ என்று எழுதினாலோ, ரசீது போடும் கடைக்காரர் கொடுக்காத சம்மதம் உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஆகவே பாட்டுக்கும் நிறத்துக்கும் ‘ஒத்திசை’யை வைத்துக்கொண்டு, சட்டத்துக்கும் வரிக்கும் நான் ‘பொருத்து’ என்றே எழுதுகிறேன். நம் தச்சர்களும் கதவுச் சட்டத்தைப் பொருத்தத்தான் செய்கிறார்கள்.