புனித ஆகத்தாவும் நாம் மறைக்கும் நோயும்



பிப்ரவரி 5-ஆம் நாள் திருஅவை புனித ஆகத்தாவை நினைவுகூர்கிறது. இந்தப் பெயர் நம்மில் பலருக்கு அவ்வளவு பழக்கமில்லாததாகத் தோன்றலாம். ஆனால் திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டைக் குரு முழுமையாகச் சொல்லும்போது, பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா என்று மறைச்சாட்சிகளான பெண்களின் பெயர்களைக் கேட்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பெயர்கள் பீடத்தில் ஒலித்து வருகின்றன.

யார் இந்த ஆகத்தா? இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள கத்தானியா நகரில், மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்துவுக்காக உயிர் கொடுத்த இளம்பெண். தேசியுஸ் பேரரசன் திருஅவையைத் துன்புறுத்திய காலத்தில், 251-ஆம் ஆண்டில் அவர் இறந்ததாக மரபு சொல்கிறது. குவிந்தியானுஸ் என்ற ஆளுநனின் ஆசைக்கு இணங்க மறுத்ததால், அவன் அவருடைய மார்பகங்களை அறுக்கச் செய்தான் என்பது வழிவழியாக வந்த வரலாறு. அதனால்தான் மார்பக நோயால் துன்புறுவோரின் பாதுகாவலியாகத் திருஅவை அவரை வணங்குகிறது. ஓவியர்கள் அவரை ஒரு தட்டில் தம் மார்பகங்களை ஏந்தியவராகவே வரைந்திருக்கிறார்கள். கத்தானியா மக்கள் அவருடைய திருவிழாவுக்கு அதே வடிவில் இனிப்புப் பலகாரம் செய்கிறார்கள். அந்த ஊர் இதை வெட்கமாக நினைக்கவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தே வொராஜினே என்ற தொமினிக்கன் துறவி தொகுத்த புனிதர் வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. சிறையில் காயத்தோடு கிடந்த ஆகத்தாவிடம் இரவில் ஒரு முதியவர் மருந்தோடு வருகிறார். தம்மைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம் என்று மகளிடம் சொல்வதுபோல் சொல்கிறார். வந்தவர் திருத்தூதர் பேதுரு. இது பக்தி மரபில் வந்த கதைதான். ஆனாலும் நோயுற்ற பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது வெட்கத்திலிருந்து விடுதலை என்பதை அந்தக் காலத்துத் துறவியே உணர்ந்திருக்கிறார்.

இனி 17-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். பிரான்சு நாட்டு அரசர் பதினான்காம் லூயியின் தாய், ஆஸ்திரியாவின் ஆன். பக்தி மிகுந்தவர், பாரிசில் வால் தெ கிராஸ் ஆலயத்தைக் கட்டியவர். கன்னியர் மடங்களில் இந்த நோயால் சகோதரிகள் படும் பாட்டைக் கண்டு அஞ்சியவர் அவர் என்று அவருடைய தோழி எழுதி வைத்திருக்கிறார். அஞ்சிய நோயே அவருக்கும் வந்தது. நாட்டின் பெரிய வைத்தியர்கள் எல்லாரும் வந்தார்கள். பயன் இல்லை. 1666 ஜனவரி 20-இல் இறந்தார்.

1713-இல் பதுவா நகர் மருத்துவப் பேராசிரியர் பெர்னார்தினோ ரமாத்சினி, தொழில்களால் வரும் நோய்கள் பற்றிய தமது நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் மற்றப் பெண்களைவிடக் கன்னியர்களிடம் அதிகம் என்று அதில் குறித்தார். பிள்ளைப்பேறும் தாய்ப்பால் ஊட்டுவதும் இந்த நோயின் வாய்ப்பை ஓரளவு குறைக்கின்றன என்பதை இன்றைய மருத்துவம் உறுதி செய்திருக்கிறது. ஆகவே, ‘பாவத்துக்குத் தண்டனை’ என்று இனி எவரும் சொல்ல வேண்டாம். செபத்திலும் தவத்திலும் வாழ்ந்த கன்னியர்களுக்கே அதிகம் வந்த நோய் இது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் அல்ல, இவர் பெற்றோரும் அல்ல என்றுதானே ஆண்டவர் பதில் சொன்னார்?

அன்பானவர்களே, ஆன் அரசி இருந்த காலத்தில் நோயை வெளியே சொன்னாலும் சொல்லாவிட்டாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. இன்று அப்படி இல்லை. 1981-இல் மிலான் நகர மருத்துவர் உம்பர்த்தோ வெரொனேசியும் அவருடைய குழுவினரும் 701 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியாக இருந்தால், மார்பகத்தை முழுவதும் அகற்றாமல், கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலே போதும், உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று அதில் தெரிந்தது. மார்பகத்தையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்து மறைக்கும் சகோதரி இதைக் கவனிக்க வேண்டும். சீக்கிரம் காட்டினால்தான் மார்பகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது. கணவர் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் அதை மறைக்கவில்லை, நாடறியச் சொன்னார். அதைக் கேட்டுப் பெண்கள் திரளாகப் பரிசோதனைக்குப் போனார்கள். துணை அதிபராக அறிவிக்கப்பட்டிருந்தவரின் மனைவியும் அப்போதுதான் தம்மைச் சோதித்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார். பெட்டி ஃபோர்டு 2011-இல், தமது 93-ஆம் வயதில்தான் இறந்தார்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. வலி இல்லாததால், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம். மகளின் கல்யாணம் முடியட்டும், பேரப்பிள்ளையின் புதுநன்மை முடியட்டும் என்று நாளைக் கடத்துகிறோம். கணவரிடம் சொல்லக் கூச்சம், மருமகளிடம் சொல்லத் தயக்கம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு எண்ணெய் பூசுகிறோம். நேர்ச்சை நல்லது, மாதா நம் தாய். ஆனால் மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார், அவருக்கும் இடம் கொடுங்கள் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. மன்றாட்டையும் மருத்துவத்தையும் அந்த நூல் பிரிக்கவில்லை.

மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், தோல் சுருங்கிக் குழிவிழுதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. அதையும் மருத்துவர் சொல்லட்டும். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். அரிதாக ஆண்களுக்கும் இந்த நோய் வரும் என்பதை ஆண்களும் மறக்க வேண்டாம்.

ஆண்களே, மனைவியையோ தாயையோ மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். பங்குமக்களே, சிகிச்சையால் முடி கொட்டிய சகோதரி கோவிலுக்கு வந்தால், முறைத்துப் பார்க்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். சாமியார் வீட்டுக்கு வந்தால் சாவு வந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று நாம் சொல்லிவந்த அருளடையாளத்தை, ‘நோயில்பூசுதல்’ என்று அழைப்பதே பொருத்தம் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கற்பித்தது. அது இறக்கும் நேரத்துக்கு மட்டும் உரியது அல்ல. அறுவை சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள், வருகிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், கூட்டத்தில் பின்னால் வந்து, யாருக்கும் தெரியாமல் ஆண்டவரின் ஆடையைத் தொட்டார். உடனே குணமும் பெற்றார். ஆனாலும் ஆண்டவர் அவரை அப்படியே போக விடவில்லை. தொட்டது யார் என்று கேட்டு நின்றார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வந்து, நடந்ததையெல்லாம் எல்லார் முன்னும் சொன்னார். ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. மகள் என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார். உடல்நலத்தோடு, தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையையும் அன்று அவர் பெற்றார்.

இன்று இதைக் கேட்கும் சகோதரி ஒருவர் பல நாளாக எதையாவது மனதில் அடக்கி வைத்திருந்தால், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். புனித ஆகத்தா உங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.