வாய்வழிக் கருத்தடை ஆய்வு (ஐக்கிய இராச்சியம்)

வாய்வழிக் கருத்தடை ஆய்வு என்பது கருத்தடை மாத்திரைகளின் நீண்டகால விளைவுகளை அறிவதற்காக ஐக்கிய இராச்சியத்தில் 1968 மே மாதம் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வு ஆகும். அரச பொது மருத்துவர் கல்லூரி இதனை நடத்தியது. மருத்துவமனைகளைச் சாராமல், ஏறத்தாழ 1,400 குடும்ப மருத்துவர்களைக் கொண்டு தகவல் திரட்டப்பட்டமை இதன் சிறப்பாகும்.

பின்னணி

ஐக்கிய இராச்சியத்தில் கருத்தடை மாத்திரை 1961இல் அறிமுகமானது. சில ஆண்டுகளில், அது இரத்தக் குழாய்களில் குருதி உறைவதற்குக் காரணமாகலாம் என்ற ஐயம் எழுந்தது. மாத்திரை உட்கொள்வோர் பெரும்பாலும் நோயற்ற இளம்பெண்கள் என்பதால், மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து மட்டும் இதற்கு விடை காண இயலவில்லை. ஆனால் தேசிய நலச் சேவையின் கீழ் பெரும்பாலானோர் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருந்தனர். எனவே அவரிடம் மாத்திரை பற்றிய குறிப்பும் பிற நோய்கள் பற்றிய குறிப்பும் ஒருங்கே இருந்தன.

செயல்முறை

மான்செஸ்டரைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் கிளிஃபர்ட் கே ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். மாத்திரை உட்கொண்ட ஏறத்தாழ 23,000 பெண்களும், ஒருபோதும் உட்கொள்ளாத ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரும் சேர்க்கப்பட்டனர். சராசரியாக ஒரு மருத்துவருக்கு 33 பெண்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, மாத்திரை, கருத்தரிப்பு, புதிய நோய், அறுவை சிகிச்சை, இறப்பு ஆகியவை பற்றிய அறிக்கையை மருத்துவர் அனுப்ப வேண்டும். இது அன்றாடப் பணிக்கு மேலதிகமான சுமையாகும்.

மருத்துவர் விலகலின் விளைவு

இவ்வகை ஆய்வுகளில் மருத்துவர்களைச் சேர்ப்பது முதற்படி மட்டுமே. அவர்களைத் தக்கவைப்பதே கடினம். ஒரு நோயாளி விலகினால் ஒருவரின் தகவல் மட்டுமே நிற்கும். ஒரு மருத்துவர் விலகினால், அவர் சேர்த்த அனைவரின் தகவலும் நின்றுவிடும். பெண்கள் வேறு மருத்துவரிடம் மாறினாலும் இதே நிலைதான். புற்றுநோய் போன்றவை பல ஆண்டுகள் கழித்தே தோன்றுவதால், இவ்விழப்பு முடிவுகளையே ஐயத்திற்குள்ளாக்கக் கூடும்.

இதற்குத் தீர்வாக, 1970களின் நடுப்பகுதியில், சேர்க்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினரின் பெயர்கள் தேசிய நலச் சேவையின் மையப் பதிவேடுகளில் குறியிடப்பட்டன. அதன்பின் அவர்களின் இறப்பும் புற்றுநோயும், மருத்துவர் தொடர்பில் இல்லாவிடினும், ஆய்வுக்குத் தெரிவிக்கப்பட்டன. எஞ்சிய கால் பங்கினரில் பெரும்பாலோர் அதற்கு முன்னரே தொடர்பிலிருந்து விலகியிருந்தனர். மருத்துவர் வழியான கண்காணிப்பு 1996 டிசம்பரில் நிறைவடைந்தது.

முடிவுகள்

* 1977: மாத்திரை உட்கொண்டோரிடையே இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேரும் இறப்பு அதிகம் எனக் கண்டறியப்பட்டது. இடர் முக்கியமாக வயது கூடியோரிடமும் புகைப்போரிடமும் உள்ளதென 1981இல் தெளிவானது.
* 2010: 39 ஆண்டுகள் வரையிலான தகவலின்படி, மாத்திரை உட்கொண்டோரின் மொத்த இறப்பு வீதம் 12% குறைவாக இருந்தது.
* 2017: கருப்பை உட்சுவர், சூலகம், பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்கள் குறைவாகக் காணப்பட்டன. மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் மாத்திரையை அண்மையில் உட்கொண்டோரிடம் அதிகமாக இருந்தன.

ஒப்பீடு

மருத்துவ ஆய்வு மன்றம் 176 பொது மருத்துவ நிலையங்களில் 17,354 பேரைக் கொண்டு நடத்திய மிதமான உயர் இரத்த அழுத்த ஆய்வின் முடிவுகள் 1985இல் வெளியாயின. அதில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பணியின் பெரும்பகுதியை ஏற்று மருத்துவரின் சுமையைக் குறைத்தனர்.