தோட்டத்து ஆஸ்பத்திரியும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியும்

பொன்விழா மலர் என்றால் முன்னோர் திறந்த கடைகளையும் கட்டிய பள்ளிவாசல்களையும் எழுதுவது வழக்கம். நாங்கள் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதுகிறோம். பேராக்கில் நம் குடும்பங்களின் பிறப்பும் இறப்பும் பெரும்பாலும் அங்கேதான் நடந்தன.

ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயின. 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள், தோட்ட முதலாளிகள் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்றன. பெரிய தோட்டங்கள் தனியே ஆஸ்பத்திரி வைத்தன. சிறியவை பல சேர்ந்து ஒன்றை நடத்தின. அன்றாடம் மருந்து கொடுத்தவர் டிரசர்தான். பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் மறைந்தன. நோயாளிகள் ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்பூட் அரசு ஆஸ்பத்திரிகளை நாடினார்கள்.

அந்தக் காலத்து வார்டு நீளமான ஒரே கூடம். இருபுறமும் ஜன்னல், ஜன்னலோரம் கட்டில், வெளியே வராந்தா. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதிய நூல் பரப்பிய அமைப்பு இது. மறைவு இல்லை என்பது அதன் குறை. ஆனால் இன்று காய்ச்சலுக்கு வைத்த கூடத்தை நாளை பிரசவத்துக்கு மாற்றலாம். சுவரை இடிக்க வேண்டியதில்லை.

1890களில் தொடங்கிய ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிதான் இன்றைய ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. இப்படிப்பட்ட பழைய ஆஸ்பத்திரிகள் எல்லாம் தேவை எழுந்தபோதெல்லாம் கட்டடம் சேர்த்து வளர்ந்தவை. இப்படி வளரும் என்பதை முன்கூட்டியே எண்ணி வரைந்தவர் ஜான் வீக்ஸ் என்ற ஆங்கிலேயர். லண்டனில் 1970இல் திறக்கப்பட்ட நார்த்விக் பார்க் மருத்துவமனையில், தெருவைப் போல ஒரு நடைபாதை அமைத்து, அதன் இருபுறமும் கட்டடங்களை வைத்தார். ஒவ்வொன்றும் மற்றதைத் தொடாமல் நீள இடம் விட்டார்.

பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுக் கட்டுமானச் சாமான் விற்கும் எங்களுக்கு இதன் அருமை புரிகிறது. பளுவைத் தூண்கள் தாங்கினால் இடைச்சுவரைப் பின்னால் நகர்த்தலாம். ஆனால் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஆக்சிஜன் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கு முதலிலேயே இடம் விட வேண்டும். ரத்தச் சுத்திகரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் வருகிறார். இயந்திரத்தை வாங்கிவிடலாம், சுத்திகரித்த நீரும் வடிகாலும் இல்லாத அறையில் அதை வைக்க முடியாது. அதேபோல், சாதாரண அறையிலேயே ஆக்சிஜனும் போதிய மின்வசதியும் இருந்தால், நோய் முற்றிய பெரியவரை வார்டு விட்டு வார்டு தள்ளிக்கொண்டு அலைய வேண்டாம்.

2020இல் கொரோனா வந்தபோது செர்டாங்கில் உள்ள கண்காட்சி மண்டபத்தில்தான் கட்டில்கள் போட்டார்கள். தூண் குறைந்த வெற்றுக் கூடமாக இருந்ததால் அது முடிந்தது.

ஆஸ்பத்திரி விரிவாக்கம் என்று நன்கொடை கேட்டு வருவார்கள். நம் சமூகம் கொடுக்கத் தயங்கியதில்லை. கொடுக்குமுன் ஒன்று கேட்போம்: இருபது வருடம் கழித்து வேறொரு நோய் வந்தால் இந்த அறை அதற்கும் உதவுமா? தோட்டத்தோடு ஆஸ்பத்திரியையும் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.