நீதிமன்ற ஏடுகளில் நம் முன்னோர்

பம்பாய் என்று நம் பாட்டன்மார் வழங்கிய இம் மாநகருக்குத் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தோரின் தகரப் பெட்டிகளில் இரண்டு வேட்டியும் ஒரு செம்பும் இருந்தன. சில பெட்டிகளில் மடித்து வைத்த காகிதம் ஒன்றும் இருந்தது. ஊரிலுள்ள வீட்டுக்கோ, கால் காணி நிலத்துக்கோ, கிணற்றுப் பாத்தியத்துக்கோ நடந்த வழக்கின் முடிவே அக் காகிதம். தாராவியில் மழைவெள்ளம் புகுந்த ஆண்டுகளில் அத்தகைய காகிதங்கள் எத்தனை கூழாயினவோ, யார் கணக்கெடுத்தார்! எங்கள் வீட்டுப் பெட்டிக்கும் அக் கதியே நேர்ந்தது. எஞ்சியது மேல்முனைத் துண்டு ஒன்றே. அதில் ஓர் எண்ணும், 1938 என்னும் ஆண்டும், ஒரு முன்சீப் கோர்ட்டின் பெயரில் பாதியும் தெரிந்தன.

ஊரில் பக்கத்து மனைக்காரர் எங்கள் வீட்டு நடைபாதையை வேலியிட்டு அடைத்துவிட்டார் என்று சிற்றப்பா எழுதியபோதுதான் அத் துண்டின் அருமை விளங்கிற்று. பாட்டனார் இதே பாதைக்காக வழக்காடி வென்றவர் என்று கேட்டிருக்கிறோம். வென்றதற்குச் சான்று எங்கே? அதனைத் தேடப் புகுந்தபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றை, ஊரில் ஒரு பிடி மண்ணேனும் உடைய நம் குடியிருப்புக் குடும்பங்கள் அறிதல் நலம் என்று கருதி இங்கு எழுதுகின்றோம்.

நீதிமன்றம் தன் நடவடிக்கைகளை எழுதி வைப்பதும், அதன் நகலைக் குடிமக்கள் கேட்டுப் பெறுவதும் இன்று இயல்பாகத் தோன்றுகின்றன. ஆனால், அந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. இந் நகரில் ஆங்கிலேயரின் நீதிமன்றம் ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில், 1672 ஆகஸ்டு 8ஆம் நாள் திறக்கப்பெற்றது. 1720இல் இங்கே ராமா காமத்தி என்னும் பெருவணிகர் மீது ஒரு வழக்கு நடந்தது. கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயுடன் கூடிச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஒரு கடிதம் சான்றாகக் காட்டப்பட்டது. அவர் சிறையிலிடப்பட்டார்; அவர் செல்வம் பறிமுதலாயிற்று. அக் கடிதம் பொய்யாகப் புனையப்பட்டது என்பது பின்னரே வெளிப்பட்டது. வழக்கேடுகள் எஞ்சியிருந்தமையால் அன்றோ அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை இன்று நாம் அறிகின்றோம்! காப்பாற்றப்பட்ட ஏடு, தீர்ப்புச் சொன்னவருக்கும் ஒருநாள் தீர்ப்புச் சொல்லும் போலும்.

தமிழகத்தில் 1802ஆம் ஆண்டின் சட்டங்களால் ஜில்லாக் கோர்ட்டுகள் ஏற்பட்டன. 1816இல் ஜில்லா முன்சீப்புகள் வந்தனர். நம் தாத்தாக்கள் ‘முன்சீப் கோர்ட்டு’ என்று அச்சமும் பெருமிதமும் கலந்து சொன்ன அமைப்பின் தொடக்கம் அதுவே. அங்கு ஏடு காத்தவர்களுள் ஒருவர் நம் மொழிக்கே அணியானார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதித்துறையில் முதலில் ஏற்ற பணி, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் பணியாகும். பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்கள் ஆங்கிலத்திலேயே கிடந்து மக்களுக்குப் பயன்படாமை கண்டு, அவற்றைத் திரட்டித் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைப் போற்றும் நாம் இந் நூலை மறந்துவிட்டோம். ஏட்டறையின் தூசியை அறிந்தவருக்கே அத்தகைய எண்ணம் தோன்றும் என்பது எங்கள் துணிபு.

1908ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் நம்மவர் நினைவில் நிற்க வேண்டிய ஒன்று. சுதேசிக் கப்பல் வாங்க இப் பம்பாய்க்கு வந்து சென்ற வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு, அத் திங்கள் 7ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனை விதித்தார். பதினைந்து நாள் கழித்து, 22ஆம் நாள், பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி தாவர் திலகருக்கு ஆறாண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்தார். அன்று திலகர் கூறிய மறுமொழியைக் கல்லில் பொறித்து, அதே கட்டடத்தில் 1956இல் தலைமை நீதிபதி சாக்ளா திறந்து வைத்தார். சிதம்பரனாரின் தண்டனையை மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆறாண்டாகக் குறைத்தது. அத் தீர்ப்புச் சட்டத் தொகுதிகளில் அச்சேறியுள்ளது. பெரியோர் வழக்குகள் கல்லிலும் அச்சிலும் வாழ்கின்றன. நடைபாதைக்கு வழக்காடிய நம் பாட்டனாரின் வழக்கோ அவ்வூர் நீதிமன்றத்து ரிக்கார்டு அறையைத் தவிர வேறெங்கும் இராது.

அவ்வறைக்குள் புகுவதற்குத் திறவுகோல் மூன்று: வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர். மூன்றும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. எண் மறந்துபோயின், வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதா என்று உசாவுக. மேல்முறையீட்டுத் தீர்ப்பின் தலைப்பிலேயே கீழ்க்கோர்ட்டின் பெயரும் அசல் வழக்கின் எண்ணும் இருக்கும். பிற்காலக் கிரயப் பத்திரங்களில் ‘இன்ன எண் வழக்கின் தீர்ப்புப்படி’ என்று எழுதியிருப்பதும் உண்டு. இவையும் இல்லையேல், ஆண்டு வாரியான வழக்குப் பதிவேட்டில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு தேடக் கோரலாம். அப்பொழுது பாட்டனாரின் பெயர் மட்டும் போதாது; அவர் தந்தையின் பெயரும் கிராமத்தின் பெயரும் வேண்டும். ஒரே ஊரில் சுடலைமுத்துகள் எத்தனை பேர்!

எந்த நீதிமன்றம் என்பதில் நம்மவர் பலர் இடறுகின்றனர். பாலக்காடு 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. மாதுங்காவில் வாழும் பாலக்காட்டுக் குடும்பங்கள் தங்கள் பழைய வழக்கைச் சென்னையில் தேடிப் பயனில்லை, பாலக்காட்டிலேயே தொடங்க வேண்டும். அதே நாளில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து தமிழகத்தோடு இணைந்தன. அங்குள்ள பழைய ஏடுகளைப் படிக்க மலையாளம் அறிந்தவர் துணை வேண்டியிருக்கும். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் 1986இலும், தென்காசி மாவட்டம் 2019இலும் பிரிந்தன. ஆதலின் ஊர் இன்று எம் மாவட்டத்தில் உள்ளது என்பதை மட்டும் கேட்டு அமையாது, வழக்கு நடந்த ஆண்டில் எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருந்தது என்றும், அக் கோர்ட்டின் ஏடுகள் பின்னர் எங்கே மாற்றப்பட்டன என்றும் வினவுக. இந் நகரிலேயே நடந்த வழக்காயின், வாடகை வழக்குகளைத் தோபித் தலாவிலுள்ள சிறுவழக்கு நீதிமன்றத்திலும், பிற உரிமை வழக்குகளை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நகர உரிமையியல் நீதிமன்றத்திலும் தேட வேண்டியிருக்கும்.

கேட்கும் உரிமையைப் பற்றி ஐயம் வேண்டா. பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமையுள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், அதனைக் காக்கும் அலுவலர் சான்றிட்ட நகல் தருதல் வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறிற்று. 2024 ஜூலை முதல் நாள் அதனிடத்துக்கு வந்த புதிய சட்டமும் அவ்வாறே கூறுகின்றது. நகலின் அடியில் ‘உண்மை நகல்’ என்ற சான்றும், நாளும், அலுவலரின் கையெழுத்தும், முத்திரையும் இருத்தல் வேண்டும். இவையின்றி எடுத்த படி வழக்கில் நிற்காது. வழக்கின் கட்சிக்காரரோ அவர் வாரிசோ நகல் மனு அளித்தால் போதும். தொடர்பில்லாதவர், எதற்காக வேண்டும் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் கூறி மனுச்செய்ய வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாமே என்பார் உளர். நீதிமன்ற ஏடுகளின் நகலை அந்தந்த உயர்நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 மார்ச்சு 4ஆம் நாள் தீர்ப்பளித்துவிட்டது. அண்மைக்கால வழக்குகளைப் பதினாறு எழுத்தெண் கொண்ட குறியீட்டால் வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். 1938க்கு அவ் வசதி ஏது? நேரில் போக வேண்டும், அல்லது அவ்வூர் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்த வேண்டும்.

காலம் தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம், எவ்வகைக் காகிதத்தை எத்தனை ஆண்டு காப்பது, பின் எவ்வாறு நீக்குவது என்று விதி செய்யும் அதிகாரத்தை உயர்நீதிமன்றங்களுக்கு அளித்துள்ளது. சொத்துரிமை வழக்குகளின் தீர்ப்பும் தீர்ப்பாணையும் நெடுங்காலம் நிற்கும். சம்மன்களும் சில்லறை மனுக்களும் விரைவில் போய்விடும். வழக்கில் தாக்கல் செய்த அசல் பத்திரங்களை, மேல்முறையீட்டுக் காலம் கடந்தபின் தாக்கல் செய்தவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பெறாமலே இருந்துவிடும் குடும்பங்கள் மிகப் பல. இன்று வழக்கு முடித்திருப்போர் இதனை நாளைக்கு என்று தள்ளாதிருப்பாராக.

எங்கள் செய்திக்கு வருவோம். இரண்டு விடுமுறைகள் அதற்குச் செலவாயின. முதன்முறை சென்றபோது, பாதி அழிந்த பெயரைக் கொண்டு வேறொரு கோர்ட்டில் மனுக் கொடுத்து வெறுங்கையோடு திரும்பினோம். மறுமுறை சரியான இடத்தில் மனுக் கொடுத்தோம். நகல் தாள் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் எண் வரும்வரை நாள்தோறும் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். அங்கே காத்திருந்தோர் எல்லாருமே ஏதோ ஒரு பாட்டனாரைத் தேடி வந்தவர்களாகவே எங்களுக்குத் தோன்றினர்.

தீர்ப்பும் தீர்ப்பாணையும் கிடைத்தன. சாட்சிகளின் வாக்குமூலங்கள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. பாட்டியார் கோர்ட்டில் சொன்னதை அவர் சொற்களிலேயே படிக்கும் பேறு எங்களுக்கு இல்லை. ஆயினும் முன்சீப் தம் ஆங்கிலத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: வாதியின் இரண்டாம் சாட்சியான மனைவி, மணமாகி வந்த நாள்தொட்டு இப்பாதை வழியாகவே தண்ணீர்க் குடம் சுமந்ததாகக் கூறுகிறார், அதனை நம்பாதிருக்கக் காரணம் இல்லை என்று. தீர்ப்பாணையில் பாதையின் அகலம் ஆறடி என்றும், அதனைத் தடுக்கலாகாது என்று நிரந்தரத் தடையும் இருந்தன. மற்றத் தீர்ப்பாணைகளைப் பன்னிரண்டு ஆண்டுக்குள் நிறைவேற்றக் கோர வேண்டும். நிரந்தரத் தடைக்கு அவ்வெல்லை இல்லை என்று வழக்கறிஞர் விளக்கினார். நகலைப் பக்கத்து மனைக்காரரிடம் சிற்றப்பா காட்டினார். அவருடைய பாட்டனாரே அவ்வழக்கின் பிரதிவாதி.

வேலி அடுத்த தைக்குள் எடுக்கப்பட்டது. செம்பூரில் எங்கள் தாயார், பாட்டியாரைப் பற்றிய அவ்வொரு வாக்கியத்தை மட்டும் தமிழில் மும்முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.