டவுன் ஹால் யாருடைய பாரம்பரியம்?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிற நம்மில் பலர், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தைப் பார்த்திருப்போம். விக்டோரியா பொது மண்டபம் என்று பெயர். பழைய ஆட்கள் வாயில் டவுன் ஹால். அது நிற்கும் பெரியார் ஈ.வெ.ரா. சாலைதான் முன்பு பூந்தமல்லி நெடுஞ்சாலை. சாலையின் ஒரு முனையில் அந்த மண்டபம், மறுமுனையில் நம்முடைய ஊர்கள்.

1883-இல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஸம் போட்டது. பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டியவரும் அவர்தான். கட்டட ஒப்பந்தம் நம்பெருமாள் செட்டியாருடையது. விக்டோரியா அரசியின் 1887 பொன்விழாவை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. செங்கல், சுண்ணாம்புக் காரை, மெலிந்த கல் தூண்கள் தாங்கும் நீளமான தாழ்வாரங்கள், கீழும் மேலுமாக இரண்டு பெரிய கூடங்கள். கோபுரத்தின் மேல் திருவிதாங்கூர்ப் பாணியில் கூம்புக் கூரை. ஐரோப்பியக் கூடத்துக்கு மலையாள நாட்டுக் கூரையைப் போட்டு அதற்கு இந்தோ சாரசெனிக் என்று பேர் வைத்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. சூளையில் செங்கல் அறுத்தவர்கள், சாந்து சுமந்த பெண்கள் யார் என்று மட்டும் எந்தப் பாரம்பரியக் கட்டுரையும் கேட்பதில்லை.

நிலம் எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து 57 கிரவுண்டு, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். மாநகராட்சி அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு, மிகச் சொற்பமான வாடகைக்குக் கொடுத்தது. ராஜாக்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும் நன்கொடை தந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்றார்கள், பொது நிலம் வந்துவிட்டது.

இந்த மண்டபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இரண்டு. ஒன்று, 1897-இல் இங்கே சினிமா காட்டப்பட்டது. இன்னொன்று, பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. இரண்டும் உண்மை, இரண்டும் முக்கியம். ஆனால் நம் கணக்கில் இந்தக் கட்டடத்தின் மிகப் பெரிய நாள் 1892-இல் வந்தது.

சென்னை மகாஜன சபை 1884-இல் தொடங்கப்பட்ட அமைப்பு. காங்கிரசுக்கும் ஓராண்டு மூத்தது. அதன் மாநாடு 1892-இல் இங்கே கூடியபோது நீலகிரியின் பிரதிநிதியாக வந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். அதற்கு முந்தைய ஆண்டுதான் உதகையில் திராவிட மகாஜன சபையைக் கூட்டிக் கோரிக்கைகளை நிறைவேற்றியிருந்தார். அவற்றோடு வந்து நின்று, நீங்கள் எல்லாருக்கும் பொது என்று சொல்லும் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். சபையில் இரைச்சல். தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பிரதிநிதி எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்ல என்றார். பண்டிதர் அசரவில்லை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசமாகப் படிப்பு கொடுங்கள், கிராமங்களில் சும்மா கிடக்கும் தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். இந்த இரண்டுக்கும் அவையில் ஆதரவு கிடைத்தது. பல வருடம் கழித்துத் தம் ‘தமிழன்’ இதழில் இதை அவரே பதிவு செய்தார்.

சாமியை விட்டுவிட்டு நிலத்தைக் கேட்டதைச் சிலர் பின்வாங்கல் என்பார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. நீ யார் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, வயிற்றுக்கும் அறிவுக்கும் வேண்டியதைக் கேட்டு வாங்கிய சாமர்த்தியம் அது.

தரிசு நிலப் பேச்சு அந்த மண்டபத்தோடு நிற்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர், அந்த மாவட்டப் பறையர் மக்களின் நிலை பற்றி 1891-இல் அறிக்கை எழுதியிருந்தார். நிலமில்லாததே அடிமைத்தனத்தின் வேர் என்று அது காட்டியது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் வந்தன 1010, 1010ஏ அரசாணைகள். நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது இதிலிருந்து பிறந்தது. அந்த அறிக்கையில் வரும் செங்கல்பட்டு மாவட்டம் எங்கோ இல்லை. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்று அந்த மாவட்டத்தின் சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்தவை.

1895-இல் இரட்டைமலை சீனிவாசனின் பறையர் மகாஜன சபையும் இதே டவுன் ஹாலில் பெருங்கூட்டம் நடத்தியது. மூன்று வருடம் முன்பு ஒற்றை ஆளாக நின்று கேட்ட இடத்தில், இப்போது கூட்டமே நம்முடையது. மன்னர்கள் பணத்தில் எழுந்த கூடத்தைச் சேரி மக்கள் தங்கள் அரங்காக்கிக்கொண்டார்கள். கட்டடத்தின் பாரம்பரிய மதிப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். கூம்புக் கூரை அதற்கு அடுத்தது.

2023-இல் மாநகராட்சி இந்த மண்டபத்தைப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியது. அருங்காட்சியகமும் திட்டத்தில் உண்டு. வரவேற்கிறோம். அங்கே சுகுண விலாச சபைக்கு ஓர் இடம் இருந்தால் 1892-க்கும் 1895-க்கும் இடம் இருக்க வேண்டும். அயோத்திதாசர் கேட்ட கேள்வியும் அவருக்குக் கிடைத்த பதிலும் தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டும். போய்ப் பார்க்கிற தோழர்கள் அது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மனு எழுதுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது மண்டபத்துக்கு வெளியே. 1994-இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிர் விட்டார்கள். அந்தப் பஞ்சமி நிலங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தவை. பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. நம் பக்கத்தில் வயல் இருந்த இடமெல்லாம் மனைப்பிரிவும் கிடங்கும் ஆகிவிட்டதால், எது எங்கே இருந்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காகிதத்தில்தான் தேட வேண்டும். உங்கள் வருவாய்க் கிராமத்தின் பழைய ‘அ’ பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே டி.சி. என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆவடி, பூந்தமல்லி தாலுகாக்கள் இப்போது திருவள்ளூர் மாவட்டத்திலும் அம்பத்தூர் சென்னை மாவட்டத்திலும் இருப்பதால், மனுவை எந்த அலுவலகத்துக்குப் போடுகிறோம் என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.