காசு கொடுத்து வாங்கிய கீறல்

"ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு மச்சி. வேற காப்பி இருக்கான்னு பாரு."

கல்லூரி விடுதியில் ஓர் இரவு, என் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த 'பிளானட் டெரர்' படத்தைப் பார்த்துவிட்டு அறைத்தோழன் சொன்னது இது. திரை முழுக்கக் கோடுகள். நிறம் திடீரென்று சிவந்தது, பிறகு வெளுத்தது. நாயகனும் நாயகியும் நெருங்கும் நேரத்தில் படச்சுருளே தீப்பிடித்ததுபோல் பொசுங்கி, ஒரு ரீலைக் காணோம், மன்னிக்கவும் என்று தியேட்டர் நிர்வாகத்தின் பெயரில் ஓர் அட்டை வந்தது. மறுபடி படம் தொடங்கியபோது, அதுவரை நன்றாக இருந்த உணவகம் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. முறைத்துக்கொண்டு திரிந்த ஷெரிஃப் இப்போது நாயகனிடம் மரியாதையாகப் பேசுகிறார். ஏதோ பெரிய ரகசியத்தை அவன் சொல்லியிருக்கிறான். என்ன ரகசியம்? நமக்குத் தெரியாது. நாங்கள் நிஜமாகவே வேறு காப்பி தேடி எடுத்தோம். அதுவும் அதே இடத்தில் பொசுங்கியது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. கோடு, பொசுங்கல், காணாமல்போன ரீல் எல்லாமே காசு செலவழித்துப் போட்டவை.

2007 ஏப்ரலில் ராபர்ட் ரோட்ரிகஸும் குவென்டின் டாரன்டினோவும் 'கிரைண்ட்ஹவுஸ்' என்ற பெயரில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்கள் காட்டினார்கள். ரோட்ரிகஸின் 'பிளானட் டெரர்', டாரன்டினோவின் 'டெத் ப்ரூஃப்', நடுவில் எடுக்கப்படாத படங்களுக்கு டிரெய்லர்கள். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல். அவர்கள் திரும்பக் கொண்டுவர நினைத்தது 1970-களின் நியூயார்க், குறிப்பாக 42-வது தெரு. அங்கே வரிசையாக நின்ற தியேட்டர்களில் காலையிலிருந்து நடுராத்திரி தாண்டியும் இடைவிடாமல் படம் ஓடும். ரத்தம், சதை, பேய், கராத்தே. யார் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், தூங்கலாம், எழுந்து வரலாம்.

அந்தப் படங்களுக்குப் போட்ட பிரிண்டுகள் கொஞ்சம்தான். அதே பிரிண்ட் ஊர் ஊராகச் சுற்றும். புரொஜெக்டரில் மாட்டும்போதும் கழற்றும்போதும் அடிபடும். அறுந்தால் வெட்டி ஒட்டுவார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில ஃபிரேம்கள் போகும், வசனம் பாதியில் தாவும். போதாததற்கு ஈஸ்ட்மேன் கலர் பிரிண்டுகளின் வேதியியல். அதில் சயான் சாயம் சீக்கிரம் வெளிறிவிடும், மெஜந்தா தங்கிவிடும். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால் வானம், புல், முகம் எல்லாமே இளஞ்சிவப்பு.

இதெல்லாம் நமக்கு அந்நியமும் இல்லை. என் சிறுவயதில் எங்கள் ஊர் டாக்கீஸுக்கு வந்த படங்கள் எல்லாம் பத்து ஊரில் அடி வாங்கியவை. படம் நின்றால் உடனே "ஆப்பரேட்டர், தூங்கிட்டியா?" என்று ஒரு குரல், அப்புறம் விசில். ரீல் மாறி ஓடியதால் இடைவேளைக்கு முன் செத்தவர் பின்பு டூயட் பாடிய கதை ஒன்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமாவிடம் இருக்கும்.

பழுதைப் போலி செய்வது சுலபமில்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், ராண்டம் எண்களை வைத்துத் திரையில் கீறல் போடச் சொன்னால் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவேன். ஆனால் பார்த்தவுடன் போலி என்று தெரிந்துவிடும். உண்மையான பிரிண்டில் அடி சமமாகப் பரவியிருக்காது. ரீலின் தலையிலும் வாலிலும்தான் அதிகம், கை படுகிற இடம் அதுதானே. நடுப்பகுதி ஓரளவு சுத்தமாக இருக்கும். 'பிளானட் டெரர்' டிஜிட்டலில் எடுத்த படம், அதன் காயங்கள் கணினியில் போட்டவை. இடையில் வரும் 'டோன்ட்' என்ற பொய் டிரெய்லரை எடுத்த எட்கர் ரைட்டோ, படச்சுருளை இரும்பு நாரால் தேய்த்து, வண்டி நிறுத்துமிடத்தில் தரையோடு தரையாக இழுத்திருக்கிறார். எனக்கு இரண்டாவது ஆள்தான் பிடிக்கும். ஆனால் இரண்டு பேருமே அந்தக் காலத்தில் தியேட்டர்காரன் தலையில் அடித்துக்கொண்ட விஷயத்தை மெனக்கெட்டு வரவழைத்தவர்கள்.

படம் ஓடவில்லை. ஐந்து கோடி டாலருக்கு மேல் செலவு. அமெரிக்காவில் வந்தது சுமார் இரண்டரைக் கோடி. பல நாடுகளில் இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக வெளியிட்டார்கள். ஏழைப் படத்தின் வேஷத்துக்கு இவ்வளவு செலவு.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளாய்டேஷன் என்று பெயர், நாம் 'சுரண்டல் படம்' என்கிறோம். மொழிபெயர்ப்பு தற்செயலாக மூலத்தைவிட நன்றாக அமைந்துவிட்டது. சுரண்டல் என்றால் கீறலும்தான். ஆனால் தொழிலில் அந்தச் சொல் குறித்தது வியாபார முறையை. பரபரப்பான ஒரு விஷயத்தைப் பிடி, போஸ்டரை முதலில் யோசி, படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1963-இல் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் மயாமியில் சில நாட்களில் எடுத்து முடித்த 'பிளட் ஃபீஸ்ட்' நல்ல உதாரணம். 25 ஆயிரம் டாலருக்கும் குறைவான செலவு. ஒரு பெண்ணின் நாக்கைப் பிடுங்கும் காட்சியில் இருப்பது ஆட்டு நாக்கு. பார்க்க வந்தவர்களுக்கு வாந்திப் பை கொடுத்தார்கள். லூயிஸுக்கு எந்த மயக்கமும் கிடையாது. விளம்பரத் தொழில் தெரிந்தவர், பிற்காலத்தில் அதற்கே திரும்பிப் போய்ப் புத்தகங்கள் எழுதியவர். அவரைப் பார்த்துச் சிரித்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், கல்லாவை எண்ணியபடி.

எல்லோரும் லூயிஸ் இல்லை. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் ஹரால்ட் வாரன் என்று உரம் விற்கிற ஒருவர் இருந்தார். திகில் படம் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று ஒரு திரைக்கதை எழுத்தாளரிடம் பந்தயம் கட்டி 1966-இல் எடுத்த படம் 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'. கேமரா கையால் சாவி கொடுக்கிற வகை, ஒரு தடவைக்கு 32 விநாடிதான் ஓடும். ஒலி பதிவாகாது. பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து எல்லோருக்கும் டப்பிங் பேசினார்கள். இரவுக் காட்சிக்கு விளக்கு போதவில்லை. அதனால் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் காரிலிருந்து இறங்கும் இரண்டு போலீஸ்காரர்கள் நாலு அடி நடந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காருக்கே திரும்பிவிடுகிறார்கள். ஐந்தாவது அடியில் இருட்டு. இருந்த விளக்குக்கும் பூச்சிகள் மொய்த்தன, திரை முழுக்கப் பறக்கின்றன. நடிகர்களுக்குச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு என்று பேச்சு. உருப்படியாக ஏதாவது வாங்கியது நடித்த சிறுமியும் நாயும்தான். அவளுக்கு ஒரு சைக்கிள், அதற்கு ஒரு மூட்டை நாய்த் தீனி.

ஊரே கூடிய முதல் காட்சியில் அந்தச் சிறுமி திரையில் வாயைத் திறந்தாள், ஒரு பெரிய பெண்ணின் குரல் வந்தது. அரங்கம் சிரித்தது. குழந்தை அழுதுவிட்டாள்.

1993-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தப் படத்தைக் கிண்டல் செய்து ஒளிபரப்பிய பிறகு உலகமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

எட் வுட் கதை இன்னும் மோசம். 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' எடுக்க ஒரு சர்ச்சைச் சேர்ந்தவர்களிடம் பணம் வாங்கினார், அதற்காகப் படக்குழுவில் சிலர் ஞானஸ்நானமே எடுத்துக்கொண்டார்கள். நடிகர் பேலா லுகோசி 1956-இல் இறந்துவிட, மனைவியின் முதுகு வைத்தியரை அவருக்குப் பதிலாக மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கவிட்டார். 1978 டிசம்பரில் வாடகை பாக்கிக்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட சில நாட்களில், 54 வயதில், நண்பர் வீட்டில் இறந்துபோனார். 1980-இல் ஒரு புத்தகம் அவரை எல்லாக் காலத்துக்குமான மோசமான இயக்குநர் என்று அறிவித்தது. புகழ் அப்போதுதான் தொடங்கியது.

யோசித்துப் பார்த்தால், வேண்டுமென்றே எடுத்த மொக்கைப் படத்தின் கவர்ச்சி இதில்தான் இருக்கிறது. சிரிக்கலாம், யாரும் அழமாட்டார்கள். ரோட்ரிகஸின் கீறலைப் பார்த்துச் சிரித்தால் எந்த உர வியாபாரியின் கனவும் நோகாது. குற்றவுணர்ச்சி கழித்த சிரிப்பு.

ஆனால் எல்லாப் போலியும் ஒன்றில்லை. 2013-இல் வந்த 'ஷார்க்நாடோ' வகைப் படங்கள் திறமையின்மையைப் போலி செய்கின்றன: மட்டமான கிராஃபிக்ஸ், பொய்யான நடிப்பு, கூடவே ஒரு கண்சிமிட்டல். பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். அங்கே யாரும் எதற்கும் ஆசைப்படவில்லை. 'பிளானட் டெரர்' போலி செய்வது தியேட்டரை. நாயகியின் வெட்டுப்பட்ட காலில் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தும் காட்சியை ரோட்ரிகஸ் சிரத்தையாகத்தான் எடுத்திருக்கிறார். காணாமல்போன ரீலும் அப்படித்தான். இந்த மாதிரிப் படங்களில் எப்போதும் இழுவையாக இருக்கும் பகுதியை, யார் எவர் என்ற விளக்கத்தை, அவர் ஒரே அட்டையில் தூக்கிவிட்டார். எரிந்துபோன இருபது நிமிடத்தை அன்று விடுதி அறையில் நாங்களே எடுத்தோம். என் தோழனின் பதிப்பில் நாயகன் சிஐஏ.

பொய் டிரெய்லர்களில் 'மசெட்டி' 2010-இல் நிஜப் படமானது. ஈலை ராத்தின் 'தேங்க்ஸ்கிவிங்' 2023-இல் வந்தது. அதில் கீறல் கிடையாது, இந்தக் காலத்தில் நடக்கும் பளபளப்பான படம்.

இதற்கு நேரெதிராகவும் ஒன்று நடந்தது. 2011-இல் 'மேனோஸ்' படத்தின் 16 எம்எம் ஒர்க்பிரிண்ட் ஓர் இளைஞர் கையில் கிடைத்தது. சீரமைக்க இணையத்தில் 10 ஆயிரம் டாலர் கேட்டார். ரசிகர்கள் சுமார் 48 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள், அதாவது படத்தை எடுக்க ஆனதாகச் சொல்லப்படும் தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2015-இல் ப்ளூரே வந்தது. போன மாதம் அதைப் போட்டுப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் இறங்குகிறார்கள், நாலு அடி, திரும்புகிறார்கள். விளக்கைச் சுற்றும் பூச்சிகளை இப்போது ஒவ்வொன்றாக எண்ணலாம்.